கல்லறைக் கதவும் தராசுத் தட்டும்

கேள்வி: புத்துயிர் பெற்ற 'டூம் ரெய்டர்' வீடியோ கேமில் சண்டையைவிடப் புதிர்களே சிறப்பு என்கிறார்களே, ஏன்?
– வாசகர், பெரகல

பதில்: 1996இல் பிரித்தானியாவின் கோர் டிசைன் தொடங்கிய இத்தொடர், 2003இல் வந்த ஆறாம் பாகம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானபின் அமெரிக்காவின் கிரிஸ்டல் டைனமிக்ஸ் வசம் சென்று, 2013இல் 'மறுதொடக்கம்', அதாவது நாயகி லாரா குரோஃப்டின் கதையை முதலிலிருந்து சொல்லும் முறை, வாயிலாக மீண்டது. தொடக்ககாலப் பாகங்களில் கற்பாளங்களைத் தள்ளுவதும் நெம்புகோல்களை இழுப்பதுமாக இருந்த புதிர்கள், 2013இல் எடை, நெருப்பு முதலிய இயற்பியல் விதிகளைச் சார்ந்தன. தேயிலைக் கொழுந்துத் தராசில் பாரம் குறைந்த தட்டு மேலெழுவதுபோல, விளையாட்டில் வரும் ஒரு கல்லறையில் தொங்கும் மேடையின் சுமையை இறக்கினால் அது உயர்கிறது. மீண்டும் தாழ்வதற்குள் தாவவேண்டும். சண்டை விரல்வேகத்தைச் சோதிக்க, புதிர் சூழலை உற்றுநோக்கிக் காரணகாரியத்தை ஊகிக்கும் அறிவைச் சோதிப்பதே அதன் சிறப்பாகும்.