மல்டிமீட்டரில் தொடக்க அளவைக் கழித்தல்

இந்தியத் தந்தியின் தொட்டில் கொல்கத்தா. 1839இல் டாக்டர் ஓ'ஷாக்னசி அந்நகரின் அருகே சோதனைத் தந்திக் கம்பியொன்றை அமைத்தார். 1851இல் டயமண்ட் ஹார்பருக்குச் செய்தி செல்லலாயிற்று. நெடுந்தொலைவு செல்லும் கம்பியில் பழுது நேர்ந்தால் அதன் இடத்தை அறிவது எங்ஙனம்? கம்பி நெடுகிலும் ஆளனுப்பித் தேடுவதைவிட, முனையிலிருந்தே மின்தடையை அளந்து தொலைவைக் கணக்கிடுதல் எளிது. இந்தியத் தந்தித் துறையில் பணியாற்றிய லூயி ஷ்வெண்ட்லர் என்னும் ஜெர்மானியர் இத்தகைய சோதனை முறைகளை 1870களில் நூலாக எழுதினார். அலிப்பூர் மிருகக்காட்சிசாலை தோன்ற உழைத்தவரும் அவரே.

அன்றைய பாலச்சுற்றுக்குப் பதிலாக இன்று டிஜிட்டல் மல்டிமீட்டர் ஊழியர் கையில் இருக்கிறது. அதில் 'ரிலேட்டிவ்' அல்லது 'நல்' எனக் குறிக்கப்பட்ட பொத்தானை அழுத்தினால், அவ்வேளையில் திரையில் உள்ள எண்ணைக் கருவி நினைவில் கொண்டு, பின்வரும் ஒவ்வோர் அளவிலிருந்தும் கழித்துக் காட்டும். சோதனைக் கம்பிகளின் நுனிகளை ஒன்றோடொன்று அழுத்தமாகச் சேர்த்துப் பிடித்து, பின்னர் அளக்கப்போகும் வீச்சிலேயே கருவியை வைத்து, எண் நிலைத்த பிறகே பொத்தானை அழுத்துதல் வேண்டும்.

தெருவின் கீழ்ச் செல்லும் 500 மீட்டர் தொலைபேசிக் கேபிளை எடுத்துக்கொள்வோம். அதில் 0.5 மி.மீ. விட்டமுள்ள ஓர் இணையின் இரு செப்புக் கம்பிகளும் ஓரிடத்தில் தொட்டுக்கொண்டிருக்கின்றன. 20 பாகை செல்சியசில் இவ்விணையின் தடை, போகவும் வரவுமாக, மீட்டருக்கு 0.1756 ஓம். இரு முனைகளிலும் இணையைப் பிற இணைப்புகளிலிருந்து பிரித்தபின் அளந்ததில் 35.52 ஓம் வந்தது எனில், பழுது 202 மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். சோதனைக் கம்பிகளுக்குரிய 0.40 ஓமைக் கழித்தால் 35.12 ஓம், அதாவது 200 மீட்டர். நெரிசலான சாலையில் 2 மீட்டர் தவறித் தோண்டுவது சிறு பிழையன்று.

ஆயினும் இப்பொத்தான் எல்லாப் பிழைகளையும் போக்கிவிடும் எனக் கருதலாகாது. எப்போதும் ஒரே அளவாய்ச் சேர்ந்து நிற்கும் பிழையை மட்டுமே அது கழிக்கும். பெருக்கி நிற்கும் பிழையை அது அறியாது. மண்ணின் வெப்பம் 30 பாகையாயின் செப்பின் தடை ஏறத்தாழ 4 விழுக்காடு மிகும். அப்பொழுது அதே பழுது 208 மீட்டரில் இருப்பதாகக் கணக்கு வரும். சோதனைக் கம்பியால் நேர்ந்த பிழையைவிட இது பன்மடங்கு பெரிது. வெப்பநிலைக்கேற்பத் தடையைத் திருத்திக் கணக்கிடுவதே வழி.

பழுதிடத்தில் கம்பிகள் சரிவரத் தொடாமல், அங்கே தனியாக ஒரு தடை இருப்பதும் உண்டு. முனையில் அழுத்தும் பொத்தானுக்கு அது எட்டாது. அதற்கு வேறொரு கழித்தல் உதவும். மறுமுனையிலிருந்தும் அதே சோதனைக் கம்பிகளால் அளந்து, இரண்டாம் அளவிலிருந்து முதல் அளவைக் கழித்தால், பழுதிடத்தின் தடையும் சோதனைக் கம்பிகளின் தடையும் இரு அளவிலும் பொதுவாயிருப்பதால் நீங்கிவிடும். மேற்கண்ட கேபிளில் வேறுபாடு 17.56 ஓம். அதை 0.1756இன் இருமடங்கால் வகுக்க 50 வரும். குறைந்த தடை காட்டிய முதல் முனையின் பக்கமாக, கேபிளின் நடுவிலிருந்து 50 மீட்டரில் பழுது உள்ளது.

கணிப்பொறியால் இயக்கப்படும் மல்டிமீட்டர்களில் கழிக்கவேண்டிய எண்ணை நிரல் வாயிலாகவும் கொடுக்கலாம். வசதிதான், ஆனால் சோதனைக் கம்பியை மாற்றியவர் நிரலை மாற்ற மறப்பார். கழிக்காத அளவையும் கழித்த எண்ணையும் தனித்தனியே பதிவு செய்தல் நன்று.

அழுத்திய பொத்தானை நீக்க மறப்பது பெருங்கேடு. 230 வோல்ட்டை அளக்கையில் தவறுதலாக அது அழுத்தப்பட்டால், உயிருள்ள கம்பியின்மேல் திரை பூச்சியம் காட்டும். அளவு வகையை மாற்றியதும் சில கருவிகள் பழைய எண்ணை நீக்கிவிடும், சில வைத்துக்கொள்ளும். ஆதலின் மின்கம்பியைத் தொடுமுன் திரையில் ரிலேட்டிவ் குறி இல்லை என்று கண்டு, மின்னோட்டமுள்ளதெனத் தெரிந்த வேறோர் இடத்தில் கருவியைச் சோதித்து, பின்னரே அக்கம்பியை அளந்து பார்த்தல் வேண்டும். அளந்தபின் மீண்டும் ஒருமுறை தெரிந்த இடத்தில் சோதித்தலும் வேண்டும்.