பொதுநல வழக்கு: யாருக்காக, எப்போது?

நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் சமீப காலமாக அடிக்கடி சொல்வது, "ஒரு பொதுநல வழக்கு போட்டுவிடலாமே!" என்பதுதான். வாடகைத் தகராறு, பதவி உயர்வு கிடைக்காதது, வாய்க்கால் அடைப்பு, மகன் சிறையில் இருப்பது என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றே மருந்து என்று நினைக்கிறார்கள். சிலவற்றுக்கு அது மருந்துதான். பலவற்றுக்கு இல்லை. இந்த வழி யாருக்காகத் திறக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டால் வித்தியாசம் விளங்கும்.

மதரஸாவில் நபிகளாரின் வாழ்க்கை வரலாறு ஓதிய பிள்ளைகளுக்கு ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கை நினைவிருக்கும். யமனிலிருந்து ஒரு வணிகர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டு வந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற செல்வாக்குள்ள மனிதர் சரக்கை வாங்கிக்கொண்டு விலையைக் கொடுக்க மறுத்தார். அந்த வணிகருக்கு மக்காவில் குலத்தார் இல்லை. ஆகவே கேட்க நாதியும் இல்லை. அப்போது குறைஷிகளில் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதிக்கு ஆளானவர் உள்ளூராரானாலும் வெளியூராரானாலும் அவருக்கு உரியது கிடைக்கும்வரை அவர் பக்கம் நிற்பதாக உடன்படிக்கை செய்தார்கள். நபித்துவத்துக்கு முன்பே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். பிற்காலத்திலும் அதைப் பெருமையாக நினைவுகூர்ந்தார்கள். கூடியவர்களுக்கு அந்தச் சரக்கில் ஒரு திர்ஹம்கூடப் பங்கு கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டு நீதிமன்றங்களிலும் நெடுங்காலம், பாதிக்கப்பட்டவரே வந்து வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதுதான் விதியாக இருந்தது. வர முடியாதவர் என்ன செய்வார்? 1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் கே.எஃப். ருஸ்தம்ஜி என்ற காவல்துறை உயரதிகாரி பீகார் சிறைகளைப் பற்றி எழுதினார். சிறு குற்றங்களுக்காகப் பிடிக்கப்பட்டவர்கள் விசாரணையே தொடங்காமல் ஐந்து, ஏழு, பத்து ஆண்டுகளாக அடைபட்டிருந்தார்கள். குற்றம் நிரூபணமாகியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் அது. சில பெண்கள் எந்தக் குற்றமும் சாட்டப்படாமல், சாட்சி சொல்ல வேண்டியவர்கள் என்பதற்காகவும் 'பாதுகாப்பு' என்ற பெயரிலும் உள்ளே வைக்கப்பட்டிருந்தார்கள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் காட்ட வழியில்லாமல் கிடந்தவர்களும் உண்டு.

அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி அந்தச் செய்தியையே ஆதாரமாக வைத்து உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அந்த வழக்கு, சிறையிலிருந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயரால், 'ஹுஸைனாரா காத்தூன் வழக்கு' என்று சட்டப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு, விரைவான விசாரணை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் உரிமையின் ஒரு பகுதி என்றும், வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சொந்தப் பிணையிலேயே பலரை விடுவிக்கவும் உத்தரவிட்டது. நாடு முழுவதும் சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் இதனால் வெளியே வந்தார்கள் என்பார்கள். ஒருவர் நாளிதழ் படித்து முடித்ததும் மடித்து வைத்துவிடாமல் எழுந்து போனதால் நடந்தது இது.

1981இல் எஸ்.பி. குப்தா வழக்கில், வறுமையாலோ இயலாமையாலோ நீதிமன்றம் வர முடியாதவர்களுக்காக நல்லெண்ணத்துடன் வேறு எவரும் வரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தையும், அடிப்படை உரிமை பறிபோனால் 32ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தையும் அணுகலாம். கடிதத்தையே மனுவாக ஏற்கும் வழக்கமும் வந்தது. எந்த வகைக் கடிதங்களை ஏற்பது என்று 1988இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. கொத்தடிமை, கைவிடப்பட்ட குழந்தைகள், சிறைக் கொடுமை, பெண்கள் மீதான வன்கொடுமை, கலவரத்தில் பாதிக்கப்பட்டோர் முதலியவை உண்டு. வீட்டுக்காரர் - குடித்தனக்காரர் தகராறும், பணி தொடர்பான புகாரும் கிடையாது. ஆகவே வாடகைக்கும் பதவி உயர்வுக்கும் இந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை. சொந்த ஆதாயத்துக்கோ பழிவாங்கவோ வருகிறவர்களுக்குச் செலவுத் தொகை விதித்து அனுப்ப வேண்டும் என்று 2010இல் பல்வந்த் சிங் சௌஃபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. சரியான அறிவுரை என்றே நினைக்கிறோம்.

நாங்களே ஒருமுறை அவசரப்பட்டோம். மையவாடிக்குப் போகும் பாதையில் கழிவுநீர் தேங்கி, ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டியிருந்தது. கோபத்தோடு வக்கீலிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "மனு கொடுத்தீர்களா? ஒப்புகை அட்டை எங்கே?" என்பது. நாங்கள் வாயால் மட்டுமே பலமுறை சொல்லியிருந்தோம். திரும்பி வந்து, புகைப்படங்களுடன் பதிவுத் தபாலில் மனு அனுப்பினோம். பாதை யார் பொறுப்பில் இருக்கிறது, எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். இரண்டாவது கடிதம் போன பிறகு வாய்க்கால் வெட்ட ஆள் வந்துவிட்டது. வழக்கே தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தாலும் அந்தக் காகிதங்கள் இல்லாமல் மனு நின்றிருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வழி எப்போதும் நமக்குச் சாதகமாகவே பேசும் என்று எண்ணக் கூடாது. பாலாற்றுப் பகுதியில் தோல் தொழில் நம் சமுதாயத்தாரில் பலருக்குப் பிழைப்பு. முதலாளிகளிலும் தொழிலாளர்களிலும் நம்மவர்கள் உண்டு. அங்கே வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தின் கணக்கு நீதிமன்றத்தின் முன் வந்தது. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனவர்களிலும் நம் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதித் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அப்போது நம்மில் சிலர் இதை நம் தொழிலுக்கு எதிரான சதி என்றே பேசினார்கள். நீதிக்குச் சாட்சி சொல்லும்போது அது நமக்கே பாதகமாக இருந்தாலும் நிலைகுலையக் கூடாது என்ற அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தை ஓதுகிற நமக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. தீர்ப்போடு காரியம் முடிந்துவிடவும் இல்லை. 2025 ஜனவரியில் அதே பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்குப் போடுகிறவர் அத்தனை காலம் பின்தொடரவும் தயாராக இருக்க வேண்டும்.

மகன் சிறையில் இருக்கும் பெற்றோருக்குத் தேவை பொதுநல வழக்கு அல்ல, ஹுஸைனாரா வழக்கு பெற்றுத் தந்த உரிமை. காவலில் இருப்பவர் எவருக்கும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. தாலுகா நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவின்படி, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிணையில் விடப்பட வேண்டும். மற்றவர்களுக்கு அது பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காலம் கனிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. ஆனாலும் குடும்பத்தார் தேதியைக் கணக்கு வைத்திருப்பது நல்லது.

அதனால் அலுவலகத்துக்கு வரும்போது முதல் தகவல் அறிக்கையின் நகல், கைதான தேதி, அடுத்த வாய்தா தேதி மூன்றையும் ஒரு தாளில் குறித்துக் கொண்டுவாருங்கள். மனு எழுத நாங்கள் உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ். பக்கத்து வீட்டில் எழுதத் தெரியாத தாய் ஒருவர் இப்படி அலைந்துகொண்டிருந்தால், அவர் எந்தச் சமுதாயத்தைச் சேர்ந்தவரானாலும், அவரையும் கூட்டி வாருங்கள்.