ஊரும் ஊரும் கைகோத்தால்…

நண்பர்களே, நாடும் நாடும் ஒப்பந்தம் போடுவதைப் பேப்பரில் பார்க்கிறோம். ஊரும் ஊரும் சேர்ந்து வேலை செய்யுமா? செய்யும்! 2005-ல் லண்டனில் பெரிய நகரங்கள் கூடி, மாசைக் குறைக்க ஓர் அமைப்பு தொடங்கின. அதன் பெயர் சி-40. நம்ம சென்னையும் அதில் இருக்கிறது.

சென்னைக்கு என்ன கஷ்டம்?
2015 டிசம்பரில் வெள்ளம். 2019-ல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. அந்த ஜூலையில் நமக்குப் பக்கத்து ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்! சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. மழை குறைவில்லை, தேக்கி வைக்கும் இடம்தான் குறைந்துபோச்சு.

மூன்று ஊர், ஒரே பாடம்
2018-ல் நெதர்லாந்து அரசு மூன்று ஆசிய நகரங்களைச் சேர்த்து ஒரு திட்டம் தொடங்கியது.
1. சென்னை: வெள்ளமும் பஞ்சமும்.
2. குல்னா (வங்கதேசம்): நல்ல தண்ணீரில் உப்பு ஏறுகிறது.
3. செமராங் (இந்தோனேசியா): நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச ஊரே கீழே இறங்குகிறது.
நெதர்லாந்தில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே. தண்ணீரோடு வாழ்ந்து பழகியவர்கள், அதான் வந்தாங்க!

சென்னைக்கு வந்த யோசனை ‘ஆயிரம் குளங்களின் நகரம்’. கோயில் குளம், ஏரி எல்லாம் நம்ம தாத்தா காலத்து அறிவுதானே? மழைநீரையும், செடிகளின் வேர் வழியாகச் சுத்தமான கழிவுநீரையும் நிலத்துக்குள் இறக்குவதுதான் முறை. முதல் மாதிரி அமைந்தது ஒரு பள்ளிக்கூடத்தில்! பார்வை, செவித்திறன் குறைந்த பிள்ளைகள் படிக்கும் லிட்டில் பிளவர் கான்வென்ட் பள்ளி அது.

நம்ம ஆரணிக்கு என்ன?
பட்டு நூலுக்குச் சாயம் போட்டால், அலச அலசத் தண்ணீர் வேண்டும். அந்தச் சாயத் தண்ணி எங்கே போகுது? கமண்டல நாகநதி செய்யாற்றில் சேர்ந்து பாலாற்றுக்குப் போகிறது. இங்கே விட்டது அங்கே ஒருத்தர் கிணற்றில் ஊறும்.

கவனிக்கவும்: செடி வைத்துச் சுத்தம் செய்யும் முறை குளியல், சமையல் கழிவுநீருக்குச் சரி. சாயத்தில் உள்ள உப்பை அது எடுக்காது. 2011-ல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது இந்தக் கழிவாலேதான். பிறகு உப்பைப் பிரித்து, நீரைத் திரும்பப் பயன்படுத்தும் ஆலைகள்தான் ஓட முடிந்தது. அந்தச் செலவு ஒரு நெசவாளர் வீட்டால் ஆகாது. பல பேர் சேர்ந்து பொதுவாகத்தான் முடியும். ஊரும் ஊரும் சேருவதும் இதே காரணத்துக்குத்தான்.

நாம் செய்யலாமே!
• தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்த் தொட்டி கட்டாயம். உங்கள் வீட்டில் இருக்கா? மண் அடைத்திருக்கா? பாருங்க.
• நம் தெருவில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுது? படம் வரைந்து வகுப்பில் காட்டுங்கள்.
• காஞ்சிபுரத்திலும் பட்டு, நம்ம ஊரிலும் பட்டு. இரண்டு ஊர்ப் பள்ளிகளும் சாயத் தண்ணீர் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டால் என்ன?

துணி நெய்ய ஊடும் வேணும், பாவும் வேணும். ஊர் தழைக்க ஊருக்கு ஊர் வேணும்!