தோப்புக்குள் ஒரு கணினி, அப்டேட் செய்வது யார்?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்புகளில் ஆறு இடத்தில் ராஸ்பெர்ரி பை வைத்து மண் ஈரமும் தொட்டி நீர்மட்டமும் பார்க்கிறோம். இணைப்பு சிம் கார்டு வழியாகத்தான். ஓர் இடத்துக்குப் போய்வர அரை நாள். அப்டேட் தானாக நடக்கட்டும் என்று விடலாமா, ஓடுகிறதைத் தொடாமல் இருப்பதே நல்லதா?
- ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: தொடாதே என்பவர்களுக்கு வலுவான சாட்சி செவ்வாய்க் கிரகத்தில் கிடக்கிறது. 90 நாள் வேலைக்கென்று 1976-ல் இறங்கிய நாசாவின் வைக்கிங் 1, ஆறு ஆண்டுக்கு மேல் உழைத்தது. 1982 நவம்பரில், பேட்டரி சார்ஜ் ஏறுவதைச் சீராக்கப் பூமியிலிருந்து புது மென்பொருள் போனது. அது, ஆன்டெனாவைப் பூமிப் பக்கம் திருப்புவதற்கான தரவை அழித்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதோடு பேச்சு நின்றது. உடுமலை வாசகருக்கு அரை நாள் பயணமாவது உண்டு. நாசாவுக்கு அதுவும் இல்லை.

ஆனால் தொடாமல் விட்ட கருவிகளின் கதையும் நன்றாக இல்லை. 2016-ல் மிராய் என்ற தீநிரல், கடையில் வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லையே மாற்றாத கேமராக்களைக் கூட்டமாக வளைத்தது. அடுத்த ஆண்டு, ராஸ்பெர்ரி பைகளுக்குள்ளேயே புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டிய தீநிரல் ஒன்று பிடிபட்டது. எல்லாப் பலகைக்கும் பொதுவாக இருந்த ‘பை’ பயனரை 2022 ஏப்ரலில்தான் நீக்கினார்கள். அதற்கு முந்தைய எஸ்டி கார்டு தோப்பில் ஓடினால், முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது.

அப்டேட்டுக்கு டெபியனின் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ போதும். 64 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்-ல் அது இயல்பாக டெபியன் தரும் தொகுப்புகளை மட்டும் எடுக்கும். கர்னலும் ஃபர்ம்வேரும் ராஸ்பெர்ரி பையின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வருவதால், நாமாகச் சேர்த்தால் ஒழிய அவற்றைத் தொடாது. இதைக் குறை என்று நினைத்து உடனே சேர்த்துவிடுபவர்கள் உண்டு. ஆளில்லாத தோப்பில் அது குறையல்ல, காப்பு.

ரீபூட் நேரத்தை நள்ளிரவில் வைப்பது வழக்கம். தோப்புக்குக் காலை 10 மணியே மேல். எழுந்திருக்காவிட்டால், பிளக்கைப் பிடுங்கிச் செருகச் சொல்ல அங்கே ஓர் ஆள் இருப்பார். ஆறையும் ஒரே நாளில் விடவும் கூடாது. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரே ஒரு அப்டேட் கோப்பு உலகெங்கும் ஒரே வீச்சில் போனது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. பலவற்றை ஆள் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. பக்கத்துத் தோப்பு முதலில், மற்றவை ஒரு வாரம் கழித்து.

பலகையின் சில்லிலேயே வாட்ச்டாக் உண்டு. அதற்கு அதிகபட்சம் சுமார் 15 விநாடிக் கெடு வைக்கலாம். அதற்குள் கணினி பதில் சொல்லாவிட்டால் தானே ரீசெட் செய்யும். உறைந்துபோன கணினிக்கு அது மருந்து. புதுக் கர்னலே கெட்டிருந்தால் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டே இருக்கும்; அங்கே வாட்ச்டாக்கால் ஆவதில்லை. அதற்கென ‘ட்ரைபூட்’ இருக்கிறது: புதியதை ஒரே ஒரு முறை முயன்று, சரிவராவிட்டால் அடுத்த ரீசெட்டில் பழையதற்குத் திரும்பும். முழு ஓஎஸ்-ஐ இரண்டு பிரதியாக வைத்து மாற்றிக்கொள்ளும் மெண்டர், ராக் போன்றவையும் உண்டு. அறுபது பலகை இருந்தால் அவற்றைப் பற்றி யோசிக்கலாம். ஆறுக்கு அதிகம்.

உடுமலை வாசகருக்கு: டெபியன் அப்டேட் தானாக நடக்கட்டும், கர்னலை நேரில் போகும் நாளில் மாற்றுங்கள். ஓடுகிற கார்டின் நகல் ஒன்றை ஒவ்வொரு தோப்புக் காவலாளியிடமும் இப்போதே கொடுத்துவையுங்கள்.