இடி மழையில் எவ்வளவு உரம்?

இடி மழை பெய்தால் யூரியா போட்ட மாதிரி பயிர் பச்சை கட்டும் என்று எங்கள் திருத்தணிப் பக்கம் சொல்வார்கள். நானும் கேட்டு வளர்ந்தவன்தான். அது பாதி உண்மை.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகிக் கிடப்பதால் பயிரால் அதை எடுக்க முடியாது. மின்னல் போகும் தடத்தில் சூடு சுமார் 30,000 டிகிரி. சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு. அந்தச் சூட்டில் பிணைப்பு உடைந்து, நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து, மழைநீரில் கரைந்து நைட்ரேட்டாக மண்ணுக்கு வருது. அதே சூட்டில் காற்று சட்டென்று விரிந்து வெடிப்பதுதான் இடிச் சத்தம்.

சரி, அளவு எவ்வளவு? உலகம் முழுக்க மின்னல் தருவது வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் டன் என்பது கணக்கு. நிலம், கடல் எல்லாவற்றுக்கும் பங்கு போட்டால் ஏக்கருக்கு ஒரு கிலோகூடத் தேறாது. தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் கிடைக்கும். நம்ம வேர்க்கடலையின் வேர்முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர், சத்தமே இல்லாமல் மின்னலைவிட அதிகம் செய்யுது.

அப்புறம் ஏன் பயிர் பச்சை கட்டுது? காய்ந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் விழித்து, மட்கில் இருக்கும் சத்தை வேகமாக அவிழ்த்து விடுகின்றன. மட்கு இல்லாத மண்ணில் எத்தனை இடி இடித்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

இதை இவ்வளவு தூரம் சொல்லக் காரணம், நல்ல மழை என்று அந்த நேரத்திலும் மடை திருப்பிக்கொண்டு வயலிலேயே நிற்பவர்கள்தான். மேற்கே சித்தூர்ப் பக்கம் கருத்து வரும் சாயங்கால மேகம் ஆளைக் கொல்லும். இடி இடித்தால் நாம் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்கிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் 'அர்ஜுனா, பல்குணா' என்கிறார்கள். சொல்லுங்கள், தப்பில்லை. கூடவே எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர 3 விநாடி ஆகும். மின்னலைப் பார்த்து 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் வயலில் விழலாம்.

உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். பம்புசெட் அறை என்றால் மோட்டார், ஸ்டார்ட்டர், இரும்புக் குழாய் எதையும் தொடக்கூடாது. பனை, புளிய மரத்தடி வேண்டவே வேண்டாம். மரத்தில் இறங்கும் மின்சாரம் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், தரையிலும் பரவும். மரத்தடியில் மாடுகள் கூட்டமாகச் சாவது இதனால்தான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். ஒரு காலில் ஏறும் மின்சாரம் நெஞ்சு வழியாக மறு காலில் இறங்குது. மேகம் கருக்கும்போதே மாட்டை அவிழ்த்துக் கொட்டகைக்கு ஓட்டுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துதான் வயலில் இறங்கணும்.

அடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது, பயப்படாமல் தொடலாம். மூச்சு இல்லையென்றால் ஒருவர் நடு நெஞ்சை விடாமல் அழுத்தணும், இன்னொருவர் 108-ஐக் கூப்பிடணும்.