பம்பு போகவில்லை, காற்று புகுந்திருக்கிறது

ஜூன் 14 நள்ளிரவோடு கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு தயாராகும்போது, காசிமேடு தொடங்கி ராமேஸ்வரம் வரை ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது: "செல்ஃப் நல்லா சுத்துது, என்ஜின் எடுக்கல. பம்பு போயிருச்சு." யார் சோதித்தது? எதை வைத்துச் சொன்னது? கேட்டால் பதில் இல்லை. பக்கத்துப் படகுக்காரர் சொன்னார், போன வருஷமும் அப்படித்தான் ஆச்சு, அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கை சாகாமல் இருப்பதற்குக் காரணம், அது ஒவ்வொரு முறையும் நிரூபணமானது போலத் தோன்றுவதுதான். டீசலை என்ஜினுக்குள் பீய்ச்சும் பம்பைக் கழற்றுகிறார்கள். கேலிபிரேஷனுக்கு அனுப்புகிறார்கள். சீசனின் முதல் நாட்கள், அதாவது மீன் அதிகம் படும் நாட்கள், கரையிலேயே போகின்றன. பம்பு திரும்பி வருகிறது, மாட்டுகிறார்கள், என்ஜின் எடுக்கிறது. "பாத்தீங்களா, பம்புதான்!" என்கிறார் ஓனர். ஐயா, பம்பை மாட்டியதும் மெக்கானிக் என்ன செய்தார் என்று கவனித்தீர்களா? ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அழுத்தி, லைனில் இருந்த ஏரை எடுத்தார். என்ஜினை எடுக்க வைத்தது அந்த வேலை. கேலிபிரேஷனுக்குப் போகாமலே, ஒரு ஸ்பேனரை வைத்துக் கால் மணி நேரத்தில் அதை முடித்திருக்கலாம்.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தி அழுத்திச் சூடாக்கும். அந்தச் சூட்டில் டீசல் பனிமூட்டம் போல் பீய்ச்சப்பட்டுத் தானே பற்றும். பழைய மெக்கானிக்கல் பம்பு வைத்த என்ஜின்களில் நாசில் திறக்கவே சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். டீசல் திரவம், எளிதில் சுருங்காது. பம்பு தள்ளினால் அழுத்தம் அப்படியே நாசில் வரை போய்ச் சேரும். நடுவில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தால், பம்பு தள்ளத் தள்ள அந்தக் குமிழ் சுருங்கி விரியும். நாசில் திறக்காது. பம்பு பழுதில்லாமல்தான் இருக்கிறது, அதற்குத் தள்ள டீசல் கிடைக்கவில்லை.

"லைனில் எங்கேயும் கசிவே இல்லையே, காற்று எப்படிப் போகும்?" என்பது அடுத்த கேள்வி. டேங்கிலிருந்து, டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பு வரையுள்ள லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சிப் பாருங்கள்: இளநீர் வெளியே சிந்தாது, காற்றுதான் வாய்க்கு வரும். தளர்ந்த கிளிப், விறைத்துப்போன ரப்பர் ஹோஸ், இரண்டாம் முறை மாட்டிய காப்பர் வாஷர், ஃபில்டர் கிண்ணத்தின் சப்பையான ரிங் என்று எது வேண்டுமானாலும் வழியாகும். வெளியே ஒரு சொட்டு டீசல்கூடத் தெரியாது. கசிவு இல்லை என்பதை ஆதாரமாகக் காட்டுவதை முதலில் நிறுத்துங்கள்.

தடைக்காலம் முடிந்ததும் ஏன் இத்தனை படகுகளில் ஒரே நேரத்தில் இது வருகிறது? டேங்கை நிரப்பாமல் படகைக் கட்டியதால். பாதி டேங்கின் காலி இடத்தில் ஈரக்காற்று நிற்கும். இரவில் டேங்கு குளிரும்போது அந்த ஈரம் தண்ணீராகிச் சுவரில் வழிந்து அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருப்புப் பிசுக்காகும். இரண்டு மாதம் கழித்து என்ஜினைச் சுற்றினால் அந்தப் பிசுக்கு உறிஞ்சும் பக்கத்து ஃபில்டரை அடைக்கும். ஃபில்டர் அடைத்தால் உறிஞ்சும் விசை கூடும். இதுவரை தாக்குப்பிடித்த தளர்ந்த இணைப்பும் காற்றை இழுக்கத் தொடங்கும்.

ஆகவே பம்பின் மேல் ஸ்பேனர் வைக்கும் முன் புகைக்குழாயைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது வெள்ளைப்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. அப்போது முதலில் ஸ்டாப் லீவரைத் தொட்டுப் பாருங்கள். உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடித்து, லீவர் நிறுத்தும் நிலையிலேயே சிக்கியிருக்கலாம். இதற்காகவும் பம்பைக் கழற்றியவர்கள் உண்டு. பிறகு ஃபில்டரை மாற்றுங்கள். ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் குமிழில்லாமல் வரும்வரை கை பம்பை அழுத்துங்கள். அடுத்து பம்பிலுள்ள ஸ்க்ரூ. கடைசியாக நாசில் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலரேட்டரைத் திறந்து செல்ஃபைச் சுற்றுங்கள். டீசல் துடித்து வெளியேறியதும் இறுக்குங்கள். நாசில் முனைக்கு எதிரே கையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

இத்தனையும் செய்து, பம்பின் வாய்வரை சுத்தமான டீசல் வந்து, லீவரும் சரியாக இருந்து, நாசில் நட்டில் மட்டும் ஒன்றும் வரவில்லையா? இப்போது பம்பைச் சந்தேகப்படுங்கள், நானே கழற்றச் சொல்கிறேன். அதற்கு முன் கழற்றுவது செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பம்பின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். படகின் மேல்தளத்தில் மணலும் மீன்செதிளும் பறக்கிற இடத்தில் திறந்து வைக்கிற பொருளா அது? டைமிங் குறி சில டிகிரி தவறி மாட்டினால், நன்றாக இருந்த என்ஜின் இடித்துக்கொண்டு ஓடும்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் துணியைக் காட்டினால் எடுக்கும் என்பது முட்டாள்தனம். பெட்ரோலே அழுத்தத்தில் தானாகப் பற்றக்கூடாது என்று தயாரிக்கப்படும் எரிபொருள். மூடிய என்ஜின் அறையில் அதன் ஆவி பரவினால் ஒரு பொறி போதும். ஈதர் ஸ்ப்ரே 160 டிகிரி அளவிலேயே பற்றும், அதனால் நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். நம் கடற்கரைச் சூட்டில் இரண்டுமே வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்தால் பம்புக்குக் கிடைக்கும் வழவழப்பு குறையும். விடாமல் சுற்றினால் எடுத்துவிடும் என்பதும் தவறு: பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் சுற்றாமல் செல்ஃபை ஆறவிடுங்கள். புகைக்குழாயில் கடல்நீர் கலக்கும் அமைப்பு என்றால், திரும்பத் திரும்பச் சுற்றும்போது தண்ணீர் வால்வை மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் மஃப்ளரில் நிரம்பும் தண்ணீர் சிலிண்டருக்கே திரும்பி வரும். செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் புது பேட்டரி வாங்கும் முன், பச்சை பூத்த டெர்மினலைச் சுரண்டுங்கள்.

தடைக்காலத்தில் மீன்வளத்துறை படகுகளை ஆய்வு செய்கிறது. அந்த ஆய்விலேயே தண்ணீர் பிரிக்கும் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறதா, உதிரி ஃபில்டர் இரண்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று விடாமல் சொல்லி வருகிறேன். ராயபுரத்தில் மத்திய மீன்வள கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் பிரிவு இருக்கிறது. 61 நாளில் மூன்று நாளை ஒதுக்கி, படகுக்கு ஒருவருக்கு ஏர் எடுக்கவும் ஃபில்டர் மாற்றவும் அங்கே சொல்லித்தர ஏற்பாடு செய்யலாம். கரையில் எடுக்காத என்ஜினுக்குப் போகும் செலவு பணம்தான். பாக் நீரிணையில் எடுக்காத என்ஜின், காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கம் படகைக் கொண்டுபோய் எல்லைக்கோட்டைத் தாண்ட வைக்கும். படகைக் கட்டும் நாளில் டேங்கை நிரப்பிவிட்டுக் கட்டுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த டீசல் எங்கேயும் போய்விடாது.