முள் சொல்வது மெய்யா?

ராசிபுரத்திலிருந்து கொல்லிமலைக்குக் காரில் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். காரவள்ளி அடிவாரத்தைக் கடந்தாயிற்று. இனி 70 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில், ஓட்டுநருக்கு எதிரேயுள்ள வெப்பநிலை மீட்டரின் முள் சட்டென்று சூடு முனைக்குத் தாவுகிறது. எஞ்சின் உண்மையிலேயே கொதிக்கிறதா? மீட்டர் பொய் சொல்கிறதா? மெய்யென்றால், மேலும் ஓட்டினால் எஞ்சினின் மேல்மூடி கோணி வண்டியே பாழாகும். பொய்யென்றால் கலக்கம் வீண். இதற்கு விடை காண நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலே போதும்.

முள்ளை நகர்த்துவது எது?

எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரில் ஓர் உணரி மூழ்கியிருக்கிறது. மெக்கானிக்குகள் அதைச் சென்சார் என்பார்கள். அதனுள் இருப்பது தெர்மிஸ்டர் என்னும் பொருள். செம்புக் கம்பியைச் சூடாக்கினால் மின்தடை கூடும், தெர்மிஸ்டரிலோ குறையும். சூட்டில் தடை குறையும் இப்பண்பை மைக்கேல் ஃபாரடே 1833-இல் சில்வர் சல்பைடில் கண்டறிந்தார்.

பழைய வகைக் கார்களில் மின்சுற்று மிக எளியது. பாட்டரியிலிருந்து மீட்டருக்கு ஒரு கம்பி; மீட்டரிலிருந்து உணரிக்கு ஒரு கம்பி; அங்கிருந்து எஞ்சினின் உலோக உடல் வழியாகவே மின்னோட்டம் பாட்டரிக்குத் திரும்புகிறது. நீர் சூடேறினால் தடை குறையும், மின்னோட்டம் கூடும், முள் சூடு முனையை நோக்கி நகரும்.

இப்போது சிந்தியுங்கள். கம்பி அறுந்தால் மின்னோட்டமே இல்லை. எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் முள் குளிர் முனையில் கிடக்கும். கம்பியின் உறை தேய்ந்து வண்டியின் உடலைத் தொட்டால் தடை ஏறக்குறைய பூஜ்யம். எஞ்சின் குளிர்ந்திருந்தாலும் முள் சூடு முனைக்கு ஓடும்.

ஒரு சிறு கணக்கு

எஞ்சினில் 5 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். அது 85 டிகிரி செல்சியஸிலிருந்து 115 டிகிரிக்கு உயர 5 × 4.2 × 30 = 630 கிலோஜூல் வெப்பம் தேவை. இது 5 நொடியில் நிகழ வேண்டுமானால் 126 கிலோவாட் திறன் வேண்டும். சிறிய கார் எஞ்சினின் உச்சத்திறனே 60 கிலோவாட் அளவுதான்! ஆகவே நீர் முழுதும் அவ்வளவு விரைவில் சூடேற முடியாது. வெப்பம் நடந்து வரும். மின்குறை தாவி வரும். மெல்ல ஏறிய முள்ளை நம்புங்கள். தாவிய முள்ளைச் சோதியுங்கள்.

எப்படிச் சோதிப்பது?

எதுவாயினும் முதலில் வண்டியை நிறுத்துங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் ஆவியாகச் சீறி முகத்தைச் சுட்டுவிடும்.

எஞ்சின் ஆறிய பின், நீரின் அளவைப் பாருங்கள். பிறகு, பழக்கமுள்ள மெக்கானிக்கின் துணையோடு, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, உணரியிலிருந்து கம்பியைக் கழற்றுங்கள். சூடு முனையில் இருந்த முள் இறங்கினால் குறை உணரியில். இறங்காவிட்டால் கம்பியில் அல்லது மீட்டரில்.

முள் எப்போதும் குளிர் முனையிலேயே கிடந்தால், கழற்றிய கம்பியை ஒரு சிறு பல்பின் வழியாக எஞ்சின் உடலோடு இணையுங்கள். முள் எழுந்தால் மீட்டரும் கம்பியும் நலம், உணரியே பழுது. புதிய கார்களில் உணரி கணினியோடு இணைந்திருப்பதால் இச்சோதனை அவற்றுக்கு ஆகாது. பட்டறையில் ஸ்கேனர் கருவியால் பார்ப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. உணரி, தன்னைத் தொடும் பொருளின் வெப்பநிலையை மட்டுமே அறியும். நீர் ஒழுகிப் போய் உணரி வெறுங்காற்றில் நின்றால், எஞ்சின் வேகும்போதும் முள் இறங்கிக் காட்டக்கூடும். கருவி பழுதில்லை, அளக்க வேண்டியது அங்கில்லை!

செய்து பாருங்கள்

மின்பொருள் கடையில் ஒரு தெர்மிஸ்டர் வாங்குங்கள். அதன் கம்பிகளை மல்ட்டிமீட்டரோடு இணைத்து, மெல்லிய பிளாஸ்டிக் உறையிலிட்டு வெந்நீரில் தொங்கவிடுங்கள். நீர் ஆற ஆற, வெப்பநிலையையும் தடையையும் குறித்து வரைபடம் வரையுங்கள். நேர்கோடு வருகிறதா, வளைகோடு வருகிறதா?

இறுதியாக ஒரு கேள்வி: பழைய கார் ஒன்றில் வெப்பநிலை மீட்டரும் பெட்ரோல் மீட்டரும் ஒரே நாளில் அசையாமல் நின்றுவிட்டன. உணரிகளைக் கழற்றுமுன், எதைப் பார்ப்பீர்கள்? இரண்டுக்கும் பொதுவானது எது என்று எண்ணிப் பாருங்கள்.